முருங்கைக்கீரைக்கு மொரீஷியஸில் என்ன பெயர்? கப்பலேறிப் போன நம் சமையல் சொற்கள்

செம்பூர் கமலி

மும்பையில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. காயை அக்கம்பக்கத்தார் "ஷேவ்கா" என்று கேட்டுப் பறித்துக்கொண்டு போவார்கள், கீரையை எங்கள் வீட்டைத் தவிர யாரும் பெரிதாகச் சீண்டுவதில்லை. போன ஞாயிறு காலை நான் கொத்துக்கொத்தாக ஒடித்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது மாடியில் பேயிங் கெஸ்டாக இருக்கும் பெண் ஓடி வந்து "மூரூம்! ப்ரேத் மூரூம்!" என்று கூவினாள்.

மொரீஷியஸ் பெண். படிக்க வந்து ஆறு மாதம் ஆகிறது. கிரியோல் என்கிற பிரெஞ்சு கலந்த தீவு மொழி, பிரெஞ்சு, ஆங்கிலம் தெரியும், தமிழில் ஒரு வாக்கியம் வராது. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற குடும்பம். அங்கே தைப்பூசம் அரசு விடுமுறை நாளாம்.

வீட்டுக்குக் கூப்பிட்டேன். சமையலறையில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். கறிவேப்பிலையைப் பார்த்து "காரிபுலே" என்றாள். பீர்க்கங்காய் "பிபங்காய்". ரசத்தை மூடி திறந்து மோந்து பார்த்துவிட்டு "ரசோன்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் கப்பலேறியவர்கள் பேசிய மொழி அந்த வீட்டில் போய்விட்டது, கறிவேப்பிலைக்கு மட்டும் வேறு பெயர் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை போல. பாகற்காய்க்கு மட்டும் "மார்கோஸ்" என்று ஒன்று சொன்னாள், அது எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை.

இதே மாதிரி நீங்கள் வெளியூரில், வெளிநாட்டில், இல்லை நம் மும்பையிலேயே பக்கத்து வீட்டில் கேட்ட சமையல் சொற்கள் இருந்தால் எழுதுங்கள். சொல் மட்டும் போதாது, என்ன பண்டம், எப்படிச் செய்கிறார்கள் என்பதும் வேண்டும்.

முலுண்ட் கப்பல்காரர்

கமலி, நான் 31 வருடம் சரக்குக் கப்பலில் குக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொரீஷியஸுக்குப் பக்கத்தில் ரியூனியன் என்று பிரெஞ்சுத் தீவு ஒன்று இருக்கிறது. அங்கே நம் வழியில் வந்தவர்களை "மலபார்" என்பார்கள், தமிழ்நாட்டிலிருந்து போனவர்களாக இருந்தாலும் அதே பெயர்தான். முதல் தடவை கரைக்குப் போனபோது சாப்பாட்டுக் கடையில் சோற்றுத் தட்டின் ஓரத்தில் ஒரு கிண்ணி வைத்தார்கள். தக்காளி, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் பச்சையாகவே பிசைந்தது. பெயர் கேட்டேன். "ருகாய்" என்றார் கடைக்காரர். எழுதும்போது பிரெஞ்சு எழுத்தில் வேறு மாதிரி எழுதுகிறார்கள், வாயில் வருவது ருகாய்தான். சொல்லிச் சொல்லிப் பார்த்தபோது புரிந்தது, ஊறுகாய்! முதல் எழுத்து உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பண்டமும் மாறிவிட்டது. ஊற வைப்பதே இல்லை, அன்றன்றைக்குப் பிசைவது. சாசேஜை வெட்டித் தக்காளியோடு வேகவைத்த ஒரு குழம்பையும் அதே பெயரில் கூப்பிடுகிறார்கள். நம் நாட்டு ஊறுகாய்க்கு நெருக்கமாக எண்ணெயும் மஞ்சளும் போட்ட காய்கறிப் பண்டம் ஒன்று உண்டு, அதற்கு வட இந்தியாவில் சொல்கிற அச்சார் என்ற பெயர். பெயர்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன.

கறிவேப்பிலைக்கு ரியூனியனில் "கலுபிலே". கமலி வீட்டுப் பெண் சொன்ன காரிபுலேயும் இதுவும் ஒரே இலை, இரண்டு தீவு, இரண்டு நாக்கு.

அப்புறம் மார்த்தினிக், குவாதலூப். இவை அமெரிக்காப் பக்கம் கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவுகள். 1848-இல் பிரெஞ்சுக்காரர்கள் அடிமை முறையை ஒழித்தார்கள், கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். முதல் கப்பல் 1853-இல் மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. மொத்தத்தில் மார்த்தினிக்குக்கு 25 ஆயிரம் பேருக்கு மேல், குவாதலூப்புக்கு 40 ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். இன்று அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்றால் "கொலோம்போ". கோழி கொலோம்போ, ஆட்டுக் கொலோம்போ. கொத்தமல்லி விதை, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு அரைத்த பொடிக்கும் அதே பெயர், மார்க்கெட்டில் குவித்து வைத்து விற்கிறார்கள். கொழும்பு நகரத்தின் பெயர் என்று சொல்கிறவர்கள் உண்டு, குழம்பு என்ற சொல்தான் என்பவர்களும் உண்டு. அந்தப் பொடியின் வாசனையை மூக்கில் வாங்கியவன் என்ற முறையில் நான் குழம்பு பக்கம்.

டோம்பிவிலி தமிழாசிரியர்

நல்ல இழை. ஆனால் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பத்துப் பதிவுக்குள் உலகச் சொல் எல்லாம் தமிழ் என்று வந்து நிற்கும். நம்மிடம் உண்மையாகவே நிறைய இருக்கும்போது இல்லாததைச் சேர்த்தால் இருப்பதன் மதிப்பும் போகும்.

கமலி கேட்ட "மார்கோஸ்" போர்த்துகீசு. அம்மொழியில் கசப்பானது என்பதற்கு "அமர்கோசோ". "ப்ரேத்" என்பதும் போர்த்துகீசு வழியாக வந்த கீரைச் சொல். ஆக "ப்ரேத் மூரூம்" என்பதில் பாதி அவர்களுடையது, பாதி நம்முடையது. ரசோன், காரிபுலே, பிபங்காய் மூன்றும் ஐயமில்லாமல் நம்முடையவை.

கறி என்ற சொல்லையும் கவனமாகப் பார்க்க வேண்டும். பழைய தமிழில் கறி என்றால் மிளகு. அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் யவனர் கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று முசிறியைப் பற்றி வருகிறதே, அங்கே பெயர்ந்தது மிளகு. பிறகு மிளகிட்டுச் சமைத்த காய், இறைச்சி எல்லாம் கறி ஆனது. வெள்ளைக்காரன் அதை எல்லாக் குழம்புக்கும் பொதுப் பெயராக்கினான். 1747-இல் லண்டனில் வந்த சமையல் நூலிலேயே கறிக்குச் செய்முறை இருக்கிறது. பிரிட்டிஷாரிடமிருந்து அது ஜப்பானுக்குப் போய் "கரே" ஆகி, மாவு கரைத்துக் கெட்டியாக்கி, சோற்றின் பக்கத்தில் ஊற்றுகிறார்கள். நம் வீட்டில் யாரும் "இன்று கறி வைத்தேன்" என்று குழம்பைச் சொல்வதில்லை. சைவ வீட்டில் கறி என்றால் பொரியல், அசைவ வீட்டில் ஆட்டிறைச்சி.

மிளகுத் தண்ணீர் இன்னொன்று. மெட்ராஸில் இருந்த ஆங்கிலேயர்களுக்குச் சாப்பாட்டின் தொடக்கத்தில் சூப் வேண்டும். சோற்றில் பிசைய வைத்திருந்த மிளகு ரசத்தை எடுத்து இறைச்சித் துண்டு, அரிசி, சில சமயம் ஆப்பிள் வரை போட்டு "மல்லிகடாவ்னி" ஆக்கினார்கள். மெட்ராஸ் ஆங்கிலேயருக்கே "மல்" என்று பட்டப்பெயர் வந்தது அதனால்தான்.

தாராவி 90 அடி ரோடு

ஐயா சொல்வது சரி. நான் ஒன்று உள்ளூரிலேயே சொல்கிறேன்.

எங்கள் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்தவர். அப்பா இட்லி, வடை அவித்துச் சுட்டு சைக்கிளில் எடுத்துப் போவார், பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டே. விடிகாலை மூன்று மணிக்கு எங்கள் சந்தில் ஆவி எழும்பும். மும்பை முழுக்க "மேது வடா, மேது வடா" என்பார்களே, சின்ன வயதில் அது மராத்திச் சொல் என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஆத்தா ஒரு நாள் மாவை விரலால் தொட்டுக் காட்டி "மெதுவா இருந்தாத்தாம்ல மெதுவடை" என்றார். மெது என்றால் மென்மை. கன்னடத்திலும் அதே பொருள், உடுப்பிக்காரர்களும் அதே சொல்லைத்தான் கொண்டுவந்திருப்பார்கள். மொறுமொறு மேல்தோலுக்குள் பஞ்சு மாதிரி உள்பக்கம் இல்லாவிட்டால் அது மெதுவடையே இல்லை. உளுந்தை நிறையத் தண்ணீர் விடாமல் ஆட்ட வேண்டும், சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும்.

இன்னொன்று. என்னோடு வேலை பார்க்கும் குஜராத்தி நண்பன் வீட்டில் "இதடா" என்று கொடுத்தார்கள். அரிசி, உளுந்து, புளித்த மாவு, தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, மேலே மிளகுப் பொடி தூவிச் சாய்சதுரமாக வெட்டியது. வாயில் வைத்ததும் தட்டு இட்லி! டோக்ளா என்றால் கடலைப்பருப்பு சேரும், இது அது இல்லை. இதடா, இட்டலி... இரண்டும் ஒரு சொல்லா ஐயா?

டோம்பிவிலி தமிழாசிரியர்

தம்பி, ஒலி ஒத்திருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட மாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 920 வாக்கில் எழுதப்பட்ட கன்னட உரைநடை நூலில் "இட்டலிகே" வருகிறது, அப்போது அது உளுந்தில் செய்தது. அரிசி பின்னால் சேர்ந்தது. ஆகவே இட்லியின் பழைய சுவடு கன்னடத்தில்தான் கிடைக்கிறது, நாம் அதை மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். குஜராத்திப் பண்டமும் நம்முடையதும் ஒரே முறை என்பது நீங்கள் நாக்கால் கண்டுபிடித்தது, அது சாட்சிதான்.

மாட்டுங்கா மங்களம்

எனக்குத் திருமணமாகி இங்கே வந்த புதிதில் நடந்தது. எதிர் வீட்டு மராத்தி மாமி "சாயங்காலம் போளி கொண்டு வருகிறேன்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம், எங்கள் கும்பகோணத்துப் போளி, தேங்காய்ப் பூரணம் வைத்து நெய் சொட்டச் சொட்ட என்று நினைத்து மதியம் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன். வந்தது எண்ணெய் தடவி மடித்துச் சுட்ட சப்பாத்தி! அவர்கள் வீட்டில் தினப்படி சப்பாத்திக்கே "போளி" என்றுதான் பேர். பூரணம் வைத்தால் "பூரண் போளி". நாம் அவர்களிடமிருந்து பண்டத்தை வாங்கிப் பூரணத்தை விட்டுவிட்டுப் போளியை மட்டும் பெயராக வைத்துக்கொண்டோம். தஞ்சாவூர்ப் பக்கம் மராட்டியர் ஆண்ட ஊர் அல்லவா, அங்கிருந்து வந்திருக்கும்.

அப்படியே சாம்பாரும் அவர்கள் கொடுத்ததுதானே? சிவாஜியின் மகன் சம்பாஜி மகாராஜா தஞ்சாவூர் வந்தபோது ஆம்டி என்கிற மராத்திப் பருப்புக் குழம்புக்குக் கோக்கம் என்ற புளிப்புப் பழம் கிடைக்காமல் புளி போட்டார்கள், அதனால் சாம்பார் என்று என் சம்பந்தி சொல்வார். அவர்கள் வீட்டு ஆம்டியில் கோக்கமும் வெல்லமும்தான், துவரம்பருப்பு அதேதான்.

டோம்பிவிலி தமிழாசிரியர்

அம்மா, போளி பற்றி நீங்கள் சொன்னது அருமை. சாம்பார்க் கதையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மும்பையில் எந்த விருந்துக்குப் போனாலும் இதை யாராவது சொல்கிறார்கள். காலம் இடிக்கவில்லை என்பது உண்மை, மராட்டிய அரசர் ஷாஹுஜி தஞ்சையில் 1684-இல் பட்டத்துக்கு வந்தார், சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றது 1689-இல். ஆனால் சொல்கிறவர் யாரிடம் கேட்டாலும் அந்தக் காலத்து ஓலையோ கடிதமோ எடுத்து வைத்ததில்லை. சொல்லைப் பாருங்கள். தமிழில் சம்பாரம் என்றால் சமையலுக்குச் சேர்க்கும் மசாலைச் சாமான். வடமொழி "சம்பார" என்பதிலிருந்து வந்தது, பல பொருள் சேர்ந்தது என்று அர்த்தம். மலையாளத்தில் சம்பாரம் என்றால் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்ட மோர். மகாராஷ்டிரத்திலேயே விதர்பாவில், நாக்பூர்ப் பக்கம் போனால், கொத்தமல்லித் தழைக்குப் பெயர் "சாம்பார்"! அதை நிறைய வைத்துப் பொரித்ததுதான் சாம்பார் வடி. இத்தனை இடத்தில் மசாலைக்கும் தழைக்கும் பெயராக ஓடுகிற சொல்லை ஒரு அரசரின் பெயரில் கட்டிப் போடுவது நியாயமில்லை.

மாட்டுங்கா மங்களம்

நாக்பூர்ச் செய்தி புதிது. சம்பந்தியிடம் சொல்லப்போகிறேன். ஆனாலும் புளியும் பருப்பும் சேர்ந்த இன்றைய சாம்பாரில் தஞ்சை மராட்டிய அடுப்படிக்குப் பங்கே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. போளி வந்த வீட்டிலிருந்து வேறு எதுவும் வராமல் இருந்திருக்குமா?

டோம்பிவிலி தமிழாசிரியர்

பங்கு இருக்கலாம் அம்மா. நான் மறுப்பது பெயர்க் கதையைத்தான்.

வசாய் மேரி

நான் கன்னியாகுமரி மாவட்டம், கணவர் வசாய்க்காரர், ஈஸ்ட் இந்தியன் என்கிற மும்பைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கஞ்சி பற்றி யாரும் சொல்லவில்லையே!

மாமியார் வீட்டில் கஞ்சிக்கு "பேஜ்" என்பார்கள். கோவாவிலும் அப்படித்தான். ஆனால் பக்கத்தில் இருந்த போர்த்துகீசுக்காரர்கள் அந்தச் சொல்லை எடுக்கவில்லை, நம் பக்கத்துக் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய் "கான்ஜா" ஆக்கினார்கள். போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் உடம்பு சரியில்லாவிட்டால் இன்றைக்கும் கோழிக் கான்ஜா, அரிசியும் கோழியும் போட்டு வேகவைத்தது. பிரேசிலில் ஒரு வேலை ரொம்பச் சுலபம் என்று சொல்ல "அது கான்ஜா" என்பார்களாம், நாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி என்கிறோமே அது போல.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நம் ஊர்த் தொடர்புதான். கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசு மருத்துவர் 1534-இல் கோவா வந்தார். பம்பாய்த் தீவு அவருக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டிருந்தது, கோட்டைப் பக்கத்தில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். 1563-இல் கோவாவில் அச்சான அவருடைய மருந்து நூலில், நோயாளிக்கு மிளகும் சீரகமும் போட்ட அரிசித் தண்ணீர் கொடுப்பதையும், அதற்குக் கஞ்சி என்று பெயர் என்பதையும் எழுதியிருக்கிறார். எங்கள் அம்மா காய்ச்சல் வந்தால் கொடுப்பதும் அதே மிளகு சீரகக் கஞ்சிதான். நானூற்றறுபது வருடமாக ஒரு எழுத்து மாறவில்லை!

டோம்பிவிலி தமிழாசிரியர்

மேரி அம்மாவின் பதிவுக்கு ஒரு சின்னச் சேர்க்கை. போர்த்துகீசுக்காரர்கள் பழகியது முதலில் கேரளக் கரை, அதனால் கான்ஜா மலையாள வாயிலிருந்து போயிருக்கவே வாய்ப்பு அதிகம். மாங்காயும் அப்படித்தான், "மங்கா" என்று போய் இன்று உலகம் முழுக்க மேங்கோ. குமரிக்கரையில் இருப்பவர்களுக்கு இரண்டும் தாய்வீடுதானே. மலாயில் நம்முடைய மாம்பழம் தனியாக "மெம்பலம்" என்று இருக்கிறது, தயிர் "தைரு" என்று இருக்கிறது. அவை தமிழிலிருந்து நேராகப் போனவை.

முலுண்ட் கப்பல்காரர்

ஆமாம் ஐயா, பினாங்கில் நானே கேட்டிருக்கிறேன். இடியாப்பத்துக்கு அங்கே "புட்டு மாயம்", தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துக் கொடுப்பார்கள். புட்டு எப்படி இடியாப்பத்தின் பெயரில் ஏறியது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனையும் எழுத வேண்டும். மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 1860 நவம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த ஊரின் பண்டம் "பன்னி சௌ", முழு ரொட்டியைக் கால் பாகமாக வெட்டி, நடுவைத் தோண்டி எடுத்து, பீன்ஸ் குழம்போ ஆட்டுக்கறியோ ஊற்றி, தோண்டிய ரொட்டியை மேலே மூடியாக வைப்பார்கள். "பன்னி" என்பது பனியா, நம் ஊர் வணிகர்களின் பெயர். கடையில் "குவார்ட்டர் மட்டன்" என்றால் போதும். நம் ஊரில் பாவைப் பிட்டு பாஜியில் தோய்க்கிறோம், அங்கே பாவே பாத்திரம். பாவ் என்ற சொல்லும் போர்த்துகீசுதான், ரொட்டி என்று அர்த்தம்.

தாராவி 90 அடி ரோடு

அப்படியானால் நாம் வாங்கியதையும் சொல்ல வேண்டும். என் மனைவி சேலம். மாமனார் குச்சிக்கிழங்கு போட்டவர், கிழங்கு மில்லுக்குப் போய் ஜவ்வரிசி ஆகும். இங்கே நவராத்திரி, ஏகாதசி வந்தால் பக்கத்து வீட்டு மாவ்ஷி "சாபுதாணா" கிச்சடி, அதாவது ஜவ்வரிசிக் கிச்சடி கிண்டுவார், விரதத்தில் தானியம் கூடாது, இது கிழங்கு என்பதால் ஆகும். நான் எழுதிப் பார்த்தேன். ஜவ்வரிசி என்றால் ஜாவா அரிசி, ஜாவாப் பக்கத்துச் சாகோ பனையின் மாவில் செய்தது முதலில் வந்ததால் அந்தப் பெயர். இப்போது செய்வது மரவள்ளிக்கிழங்கில், அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பெயர் ஜாவா, கிழங்கு பிரேசில், மில் சேலம், விரதம் மும்பை. அந்த மூட்டை தாதர் மார்க்கெட்டில் இறங்கும்போது அதில் என் மாமனார் வெட்டிய கிழங்கும் இருக்கலாம்.

செம்பூர் கமலி

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு, அவளும் நானும் சேர்ந்து சமைத்தோம், அதை எழுதிவிடுகிறேன்.

அவர்கள் முறையில் கீரைக்குப் பருப்பு இல்லை, தேங்காய் இல்லை. எண்ணெயில் வெங்காயம், நசுக்கிய பூண்டு, கிள்ளிய வரமிளகாய் வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் உருவிய கீரையைப் போட்டு உப்பு. ஐந்து நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும், பச்சை நிறம் மாறக்கூடாது. "புயோன்" என்று பெயர், பிரெஞ்சுச் சொல். சோற்றில் ஊற்றி, பக்கத்தில் மீன் வைத்துச் சாப்பிடுவார்களாம். நான் அப்பளம் பொரித்தேன். டோம்பிவிலி ஐயா சொன்ன ப்ரேத், மூரூம் கணக்கைச் சொன்னபோது அவள் கைபேசியில் குறித்துக்கொண்டாள். அவர்கள் ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதை எனக்குக் காட்டினாள். அதைப் படிக்கத் தெரியாமலே இத்தனை வருடம் கையில் வைத்திருக்கிறாள். "நூறு ரூபாய்" என்று விரல் வைத்து இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

அப்புறம் அவள் பாட்டிக்கு வீடியோ கால். எண்பது வயதுக்கு மேல் இருக்கும், நெற்றியில் விபூதி. நான் தமிழில் வணக்கம் சொன்னேன், அவர் கையைக் கூப்பினார், தமிழில் அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. பேத்தி சட்டியைக் கேமராவுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினாள். பாட்டி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கிரியோலில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். பூண்டு போதவில்லையாம். வாயில் வைத்துப் பார்த்தேன், போதவில்லைதான்.